சிவப்புக் கூரை

ஓடுபாதை ஐந்நூறு மீட்டர்கூட இல்லை.
அதுவும் சமதளமில்லை,
சாய்த்து வைத்த பலகை.
ஏறுமுகமாக இறங்க வேண்டும்,
இறங்குமுகமாக ஏற வேண்டும்.
மேல்முனையில் பாறை.
கீழ்முனையில் ஒன்றுமே இல்லை.

பயணிகளிடம் இதை நான் சொல்வதில்லை.
அவர்கள் கேட்பதெல்லாம்
சறுக்குப் பலகைகளைப் பற்றித்தான்.
கீறல் விழாதே?
விழாது, முசியே.

இடப்பக்கச் சன்னலுக்குக் கீழே
ஊசியிலை மரங்கள் முடிகிற இடத்தில்
ஒரு தகரக் கூரை வரும். சிவப்பு.
அதுவரைக்கும் திரும்பலாம்.
அதுவரைக்கும் பள்ளத்தாக்கு
ஒரு சிறு விமானம் புரண்டு படுக்க இடம் தரும்.
தாண்டிவிட்டால்
எதைத் திருகினாலும் யாரைக் கும்பிட்டாலும்
இறங்கியே தீரவேண்டும்.

வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயரில்லை.
நாங்கள் ஃபிர்மேன் என்கிறோம்.
"ஃபிர்மேன் தெரிகிறான்" என்று ரேடியோவில் சொன்னால்
வருகிறேன் என்று பொருள்.

ஃபிர்மேன் ரூஃபியே, கூரைக்குச் சொந்தக்காரர்.
கூரைக்கு அடியில் பதினோரு ஆடுகள்,
கிளம்பாத ஒரு டிராக்டர்.
விமானம் ஏறியதே இல்லை.
"மேலே போய் என் கூரையை நானே பார்க்கவா?"
பனி கொட்டிய இரவுகளுக்குப் பிறகு
ஏழு மணிக்குள் ஏணி வைத்து ஏறி
வாரியால் வழித்துவிடுவார்.
கூலி என்று பார்த்தால்
சறுக்குமலை நிர்வாகம் ஆண்டுதோறும் தரும்
இலவச லிஃப்ட் அட்டை.
மடித்து, சமையலறை மேசையின்
குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.
நான்கு வருடத்து அட்டைகள்.
மேசை இன்னும் ஆடுகிறது.

பிப்ரவரி. பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை.
லியோனிலிருந்து ஒரு நோட்டரி, அவர் மனைவி,
வீட்டிலேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்த மகன்.
மேலிருந்து பெனுவாவின் குரல்:
"காற்று லேசு. பாதை பளிச்சென்று இருக்கிறது. வா, ஒதில்."

வந்தேன்.
மரங்கள் முடிந்தன.
கூரை இல்லை.

வெள்ளை. அதன்மேல் வெள்ளை.
யோசிக்கும் முன்பே கை சாய்த்துவிட்டது.
பள்ளத்தாக்கு மொத்தமும் ஒரு சன்னலுக்குள் வந்து
வெளியே கொட்டியது.
"இன்னொரு தடவை!" என்றான் பையன்.
அவன் அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

ஷாம்பேரியில் இறக்கிவிட்டேன்.
டாக்சிக் காசு யாருடையது என்று நோட்டரி
அரைமணி நேரம் சட்டம் பேசினார்.
நடுவில் பெனுவா அழைத்தான், மூச்சு வாங்க:
"நீ திரும்பினாய், பாறைக்குப் பின்னாலிருந்து மேகம் சரிந்தது.
ஒரு நிமிடம்கூட இல்லை, பாதையை முழுங்கிவிட்டது.
எப்படித் தெரிந்தது உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை.
கூரை தெரியவில்லை,
அவ்வளவுதான்.

மறுநாள் சாலைவழியாகப் போனேன்.
ஏணி சாய்ந்தபடியே இருந்தது.
வேலிமேல், விறகடுக்கின்மேல், டிராக்டர்மேல்
பனி தானாக விழுந்த அழகோடு கிடந்தது.
கூரைமேல் மட்டும் கட்டி கட்டியாக,
கீழிருந்து எறிந்தாற்போல,
நடுநடுவே வைக்கோல்.

"நேற்றுக் காலை வழிக்கவில்லையா?"
"ஏழு மணிக்கே வழித்தேனே."
"அப்புறம்?"
ஆடுகளுக்கு உப்புக்கட்டி எடுத்து வைத்தார்.
ஒரு கிடாவைத் திட்டினார்.
தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.
"பத்து மணிவாக்கில் அந்தப் பாறையின் முகம் கறுத்தது.
என்னிடம் ரேடியோவா இருக்கிறது?"

எத்தனை வாரி ஆனது என்று கேட்டேன்.
எண்ணவில்லை என்றார்.
உன் சத்தம் திரும்பிப் போகிறவரைக்கும்.

உள்ளே காப்பி ஊற்றினார்.
மேசை ஆடியது, தட்டில் கொஞ்சம் சிந்தியது.
இந்த வருடத்து அட்டையை எங்கோ வைத்தேனே என்று
தேடப் போனார்.